முதல் ஈடு: எந்த பீர் போடலாம், எங்கே கோட்டை விடுவோம்

வீட்டில் பீர் போட நினைக்கும் நம்மவர்கள் பலரும் முதலில் கேட்பது லாகர். குடித்துப் பழகியது அதுதான். சென்னையில் கிங்ஃபிஷர், கொழும்பில் லயன் லாகர், சிங்கப்பூரில் டைகர், மூன்றும் ஒரே வகை: வெளிர் மஞ்சள் நிறம், மெல்லிய சுவை, ஜில்லென்று இறங்கும். கடையில் மலிவாகக் கிடைப்பதால் தயாரிப்பதும் சுலபம் என்று தோன்றும். உண்மையில் வீட்டில் போட இருப்பதிலேயே சிரமமான பீர் லாகர்தான். இந்த அத்தியாயத்தில் முதல் ஈட்டை, அறை வெப்பத்திலேயே புளிக்கும் ஏல் வகையில் போடுகிறோம். காரணம் கீழே.

முதலில் சட்டம்

பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் போட உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அனுமதித்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், ஒருவரே என்றால் 100 கேலன் வரை வரியில்லை. மாநில விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்தக் குடிக்குத் தடையில்லை. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் பீர் தயாரிப்பது குற்றம். ஆகவே இந்த அத்தியாயம் அனுமதியுள்ள நாடுகளில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

அனுமதியுள்ள இடத்திலும் உரிமமில்லாமல் விற்கக்கூடாது. போட்ட பீரை வாலை வைத்து வடித்துப் பார்க்கவும் கூடாது. பெரும்பாலான நாடுகளில் அது குற்றம், தீ விபத்துக்கும் வழி. "மெத்தனால் வந்துவிடுமோ, கண் போய்விடுமோ" என்று வீட்டில் யாராவது கேட்டால், அந்தப் பயம் கள்ளச்சாராயத்தைப் பற்றியது, மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) புளிக்கவைத்து அப்படியே குடிக்கும் பீரைப் பற்றியதல்ல என்று சொல்லுங்கள்.

உங்கள் நாக்கு எதைக் கேட்கிறது?

இருபது லிட்டர் போட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் குடித்துத் தீர்க்க மாதக்கணக்காகும். அதனால் பாத்திரம் வாங்குமுன் நான்கு பாட்டில் வாங்குங்கள்.

1. ஒரு பேல் ஏல், ஒரு இங்கிலீஷ் பிட்டர், ஒரு ஜெர்மன் கோதுமை பீர், ஒரு ஸ்டௌட்.
2. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். ஐஸாக இருக்கும்போது நாக்கு மரத்துப்போய் எல்லா பீரும் ஒன்றாகவே தெரியும்.
3. கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். பாட்டிலோடு குடித்தால் வாசம் மூக்குக்கு வராது.
4. மூன்றே கேள்வி: கசப்பு பிடிக்கிறதா? வறுத்த வாசம் பிடிக்கிறதா? பழ வாசம் பிடிக்கிறதா? விடையை எழுதிவையுங்கள்.

இனி விடைக்கேற்ற பீர்.

*கசப்பும் ஹாப்ஸ் வாசமும் பிடித்தால்* பேல் ஏல். (ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ.) இந்த அத்தியாயத்தின் செய்முறை அதுதான். இந்தக் கூட்டத்தில் சிலர் நேராக ஐபிஏவுக்கு (இந்தியா பேல் ஏல்) தாவுவார்கள். வேண்டாம். ஐபிஏவின் அழகே அந்த மாம்பழ, ஆரஞ்சு வாசம்தான். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் காற்று கலந்தாலும் சில வாரங்களில் அது போய்விடும், நிறமும் மங்கிவிடும். பாட்டில் அடைப்பதில் கை பழகிய பிறகு போடலாம்.

*வறுத்த வாசம் பிடித்தால்* ஸ்டௌட். காபிக்கொட்டை, கருகிய ரொட்டி வாசம் சின்னச் சின்னக் குறைகளை மூடிவிடும் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் மனதில் இருப்பது இலங்கையின் லயன் ஸ்டௌட் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அதில் ஆல்கஹால் 8.8 சதவீதம். அவ்வளவு வலுவான பீரைப் புளிக்கவைப்பது ஈஸ்ட்டுக்குப் பெரும்பாடு.

*பழ வாசம் பிடித்தால்* கோதுமை பீர். அதிலுள்ள வாழைப்பழ, கிராம்பு வாசத்துக்குக் காரணம் பழமோ மசாலாவோ இல்லை, ஈஸ்ட்தான்.

*எதுவும் வேண்டாம், லாகர்தான் வேண்டும்* என்பவர்களுக்கு: லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 டிகிரி குளிர் வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். அதன் பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே பல வாரம் வைத்திருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு ஃப்ரிட்ஜ் ஒதுக்க முடிந்தால் போடலாம். இன்னொரு சங்கடம், மெல்லிய சுவையில் ஒரு சின்னக் குறைகூட ஒளிந்துகொள்ள இடமில்லை. அதற்குப் பதில் கீழேயுள்ள செய்முறையில் ஹாப்ஸைப் பாதியாக்கி, 17 டிகிரியில் புளிக்கவிடுங்கள். லாகருக்குப் பக்கத்தில் வரும்.

பொருட்கள்

20 லிட்டர் பேல் ஏலுக்கு, சுமார் 4.5 சதவீதம் ஆல்கஹால்:

- வெளிர் நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் – 2.5 கிலோ
- காஸ்கேட் ஹாப்ஸ் – 80 கிராம்
- யுஎஸ்-05 உலர் ஈஸ்ட் – ஒரு பாக்கெட் (11.5 கிராம்)
- பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை – லிட்டருக்கு 6 கிராம்

பாத்திரங்கள்: 15 லிட்டர் பானை, மூடியும் ஏர்லாக்கும் (கேஸை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு வாளி, தெர்மோமீட்டர், ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளப்பது), சமையல் தராசு, சைஃபன் குழாய், பாட்டில் மூடி அழுத்தும் கருவி, அரை லிட்டர் பழுப்பு பாட்டில் நாற்பது.

கடையில் மால்ட் டப்பாவோடு வரும் கிட்டில் "ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும்" என்று போட்டிருக்கும். சேர்க்காதீர்கள். வெறும் சர்க்கரை ஆல்கஹாலை ஏற்றும், பீரை நீர்க்கச் செய்யும். அதற்கு ஈடாக மால்ட் எக்ஸ்ட்ராக்டே சேருங்கள்.

ஹைட்ரோமீட்டர் வாங்கக் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் உண்டு. பாட்டில் வெடிக்குமா வெடிக்காதா என்று முன்கூட்டியே சொல்லும் ஒரே கருவி அதுதான்.

சுத்தம்: கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

முதலில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும். பிறகு சானிடைசர். அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றிப் பயனில்லை.

ஸ்டார் சான் போன்ற அமில சானிடைசர் என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி. இரண்டு நிமிடம் பட்டால் போதும், மறுபடி அலச வேண்டாம். நுரை மிஞ்சியிருந்தால் பதற வேண்டாம், அது பீரைக் கெடுக்காது. ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பிக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

> எச்சரிக்கை: ப்ளீச் உபயோகித்தால் அதோடு வினிகரோ அமிலமோ அமில சானிடைசரோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். நுரையீரலைப் பதம் பார்க்கும்.

பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் கிருமி குடியேறினால் எந்த சானிடைசரும் எட்டாது. கீறிய வாளியைத் துணி ஊறவைக்கத் தள்ளிவிடுங்கள்.

கொதிக்கும்வரை எதற்கும் கவலையில்லை, கொதி எல்லாவற்றையும் கொன்றுவிடும். அடுப்பை அணைத்த நொடியிலிருந்து பீரைத் தொடும் ஒவ்வொன்றும் சானிடைசரில் நனைந்திருக்க வேண்டும்: கரண்டி, தெர்மோமீட்டர், கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் வெளிப்புறம், உங்கள் கை. வீட்டில் கெட்டுப்போகும் பீரில் பெரும்பகுதி கெடுவது அடுப்பு அணைந்த பிறகுதான்.

காய்ச்சும் நாள்

1. முந்தின இரவு 22 லிட்டர் குழாய்த் தண்ணீரில் அரை கேம்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்குங்கள். குளோரின் போய்விடும். போகாவிட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாசம் வரும். அந்தத் தண்ணீரில் பாதியைக் கொதிக்கவைத்து, ஆற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

2. புளிக்கவைக்கும் வாளியை அது இரண்டு வாரம் இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். நிரப்பினால் இருபது கிலோவுக்கு மேல். நிரம்பிய பிறகு தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

3. பானையில் 10 லிட்டர் தண்ணீரைச் சுடவையுங்கள். கொதிக்குமுன் அடுப்பை அணைத்து, பாதி மால்ட் எக்ஸ்ட்ராக்டைக் கொட்டிக் கலக்குங்கள். பையை ஆவிக்கு நேராகப் பிடிக்காதீர்கள். உலர் மால்ட் ஆவி பட்டதும் பையின் வாயிலேயே பாகாகி ஒட்டிக்கொள்ளும், கரண்டியிலும் விரலிலும் சேர்ந்து ஒட்டும். ஓரமாக நின்று கத்தரித்து, ஒரே மூச்சில் கொட்டுவது நல்லது.

4. மறுபடி கொதிக்கவிடுங்கள். நுரை மளமளவென்று ஏறும். பக்கத்தைவிட்டு நகராதீர்கள், மூடி போடாதீர்கள். பொங்க வந்தால் தீயைக் குறைத்து, இன்னொரு ஸ்ப்ரே பாட்டிலில் சுத்தமான தண்ணீரை அடித்தால் அடங்கும்.

5. நுரை அடங்கியதும் 40 கிராம் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரக் கணக்கைத் தொடங்குங்கள். கசப்பு இதிலிருந்து வரும். ஹாப்ஸ் விழுந்ததும் மறுபடி ஒரு பொங்கு பொங்கும், எதிர்பாருங்கள்.

6. முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அடுப்பை அணைத்து, மீதி மால்ட்டைக் கரைத்து, மறுபடி கொதிக்கவைத்து 20 கிராம் ஹாப்ஸ் போடுங்கள். நேரம் முடிந்து அணைத்ததும் கடைசி 20 கிராம். வாசத்துக்கு இது.

7. பானையை மூடி, சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் உட்காரவையுங்கள். கொதிக்கும் பானையோடு வீட்டுக்குள் நடக்க வேண்டியிருந்தால், வழியில் பிள்ளைகள் இல்லை என்று பார்த்துவிட்டு இரண்டு பேராகத் தூக்குங்கள். மேலே சிந்தினால் சர்க்கரைப் பாகு போல ஒட்டிச் சுடும், வெந்நீரைவிட மோசம். அரை மணி நேரத்தில் 30 டிகிரிக்கு வர வேண்டும்.

8. வாளியில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரைச் சேர்த்து 20 லிட்டராக்குங்கள். தெர்மோமீட்டர் 18–20 டிகிரி காட்டும். இப்போது நன்றாகக் கலக்கி அலசுங்கள். ஈஸ்ட்டுக்குக் காற்று தேவைப்படுவது இந்த ஒரு கட்டத்தில்தான்.

9. கொஞ்சம் எடுத்து ஹைட்ரோமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். 1.046-க்குப் பக்கத்தில் இருக்கும். ரொம்பத் தள்ளியிருந்தால் தண்ணீர் சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம்.

10. ஈஸ்ட்டை மேலாகத் தூவி, மூடி, ஏர்லாக் செருகுங்கள்.

> குறிப்பு: புரொபேன் அடுப்பில் காய்ச்சினால் வெட்டவெளியில் மட்டும். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளை முடித்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் சக்கையை எட்டாத குப்பையில் போடுங்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம், காய்ச்சல் ஏறி உயிரே போகலாம்.

புளிக்கும் இரண்டு வாரம்

குளிர் நாட்டில் இட்லி மாவு பொங்க வைக்கப் படாதபாடு பட்டவர்களுக்கு வெப்பத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பீர் அதற்கு நேர் எதிர்: கதகதப்பு கூடினால்தான் ஆபத்து. புளிக்கும்போது வாளியே சூடு உண்டாக்கும். அறை 22 டிகிரி என்றால் வாளிக்குள் 25-ஐத் தாண்டலாம். அந்தச் சூட்டில் புளித்த பீரில் நெயில் பாலிஷ் நெடி அடிக்கும், தொண்டையில் காரும். தெர்மோமீட்டரை அறைச் சுவரில் மாட்டாமல் வாளியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். வெயில் காலத்தில் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரத் துணி சுற்றி, ஃபேன் போட்டால் சில டிகிரி இறங்கும். முதல் மூன்று நான்கு நாள்தான் முக்கியம்.

சிங்கப்பூர் மாதிரி எந்நேரமும் முப்பது டிகிரி உள்ள ஊரில் இந்த மல்லுக்கட்டே வேண்டாம். நார்வே பண்ணைவீடுகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள். வோஸ் வகை 35–40 டிகிரியில் தாராளமாகப் புளிக்கும், லேசாக ஆரஞ்சு வாசம் தரும்.

ஒரு நாளுக்குள் ஏர்லாக்கில் குமிழ் தொடங்கும். நுரை ஏர்லாக்கை அடைத்துக்கொண்டால் மூடி பறக்கும். அடைப்பது தெரிந்ததும் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, ஒரு குழாயைச் செருகி அதன் மறுமுனையைச் சானிடைசர் உள்ள ஜாடியில் போடுங்கள்.

இந்த ஈடு மொத்தமாக 350 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடும். பெரிய அறையில் பிரச்சினையில்லை. ஆள் படுக்கும் சின்ன அறையிலோ, காற்று வராத அலமாரியிலோ வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

இந்த நாட்களில் செய்யக்கூடாதது ஒன்றுதான்: திறந்து பார்ப்பது. மேலே பழுப்பு நுரையும் ஓரத்தில் கருத்த பிசுக்கும் படிந்து, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அது கெட்டதன் அறிகுறியல்ல. பஞ்சு போல பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பூத்திருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

குமிழ் நின்றுவிட்டது, அதனால் புளிப்பு முடிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். குளிர் ஏறினாலும் நிற்கும், மூடி இடுக்கில் கசிந்தாலும் நிற்கும். பதினான்காம் நாள் ஹைட்ரோமீட்டர் பாருங்கள். 1.010 முதல் 1.012 இருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிந்தது. 1.020-இல் நின்றிருந்தால் அடைக்கக் கூடாது. வாளியை 20–21 டிகிரிக்குக் கொண்டுவந்து, லேசாகச் சுழற்றி ஈஸ்ட்டை எழுப்பிவிட்டு இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

பாட்டிலில் அடைப்பது

1. லிட்டருக்கு 6 கிராம் கணக்கில் சர்க்கரையைத் தராசில் நிறுங்கள். வாளியின் அடியில் வண்டலோடு கொஞ்சம் போய்விடும் என்பதால் கையில் வரப்போகிற அளவுக்கு மட்டும் கணக்குப் பண்ணுங்கள். 18 லிட்டர் என்றால் 108 கிராம்.
2. ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆற்றி, இரண்டாவது வாளியில் ஊற்றுங்கள்.
3. பீரை சைஃபன் வைத்து அதன்மேல் இறக்குங்கள். குழாயின் முனை வாளியின் அடியில் படுத்திருக்கட்டும். சலசலவென்று விழக்கூடாது. இப்போது காற்று கலந்தால் ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வரும். வாயால் உறிஞ்சி சைஃபன் தொடங்கவும் வேண்டாம், வாய்க்கிருமி உள்ளே போகும்.
4. சானிடைசரில் நனைத்த கரண்டியால் மெல்ல ஒரு சுற்றுக் கலக்குங்கள்.
5. பாட்டிலின் கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி மூடியை அழுத்துங்கள்.
6. 20 டிகிரி உள்ள இருட்டில் இரண்டு வாரம் நிற்கவையுங்கள். பிறகு ஃப்ரிட்ஜ்.

பாட்டில் பழுப்பாக இருக்க வேண்டும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளோடு சேர்ந்தால் குமட்டும் நாற்றம் வரும். திருகு மூடி பாட்டிலும் சாதாரண வைன் பாட்டிலும் அழுத்தம் தாங்காது.

> குறிப்பு: ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியதும் மற்ற பாட்டில்களிலும் கேஸ் ஏறிவிட்டது என்று தெரியும்.

பாட்டில் வெடித்தால்

இந்த வேலையில் உடம்புக்கு வரும் பெரிய ஆபத்து இது. கண்ணாடிச் சில் சுவரில் பாயும் வேகத்தில் கண்ணிலும் பாயும். பெரும்பாலும் மூன்று காரணம்: புளிப்பு முடியுமுன் அடைத்தது, சர்க்கரை கூடியது அல்லது சரியாகக் கலக்காதது, கிருமி புகுந்தது. தராசில்லாமல் அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போடுகிறவர்கள் தேவையானதைப் போல நான்கு மடங்கு போடுகிறார்கள். தப்பித்தவறிக்கூட அப்படிச் செய்யாதீர்கள்.

பாட்டில்களை மூடிய அட்டைப்பெட்டியிலோ கனமான பிளாஸ்டிக் பெட்டியிலோ வையுங்கள். ஒன்று வெடித்துவிட்டால்:

1. பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். அறைக்குள் உடனே ஓடாதீர்கள், அதே ஈட்டில் அடுத்ததும் தயாராக இருக்கும்.
2. கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்ட பிறகே பெட்டியைத் தொடுங்கள்.
3. பாட்டில் பாட்டிலாக எடுக்காமல் பெட்டியோடு குளிரான இடத்துக்கு மாற்றுங்கள். குளிரக் குளிர அழுத்தம் குறையும்.
4. ஒரு நாள் முழுக்க நன்றாகக் குளிர்ந்த பிறகு, தடித்த துண்டு சுற்றி, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு ஒவ்வொரு மூடியையும் மெல்ல நெம்பிக் கேஸை விடுங்கள்.

குடித்துப் பார்க்கும்போது

*பச்சை ஆப்பிள் வாசம்:* அவசரப்பட்டுத் திறந்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு வாரம் வையுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

*வெண்ணெய், பாப்கார்ன் வாசம்:* ஈஸ்ட்டைச் சீக்கிரமே பிரித்துவிட்டீர்கள். அடுத்த முறை கடைசி மூன்று நாள் வாளியைச் சற்றுக் கதகதப்பில் வையுங்கள்.

*டெட்டால் மாதிரி:* தண்ணீரில் குளோரின், அல்லது ப்ளீச் சரியாக அலசவில்லை. இது காலத்தால் போகாது.

*வேண்டாத புளிப்பு, திறந்ததும் பீய்ச்சி அடிப்பது:* கிருமி. பாட்டில்களைக் குளிரவைத்துக் காலி செய்யுங்கள். குழாயைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள், அதன் உட்புறத்தைச் சுத்தம் செய்தோம் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

*கேஸே இல்லை:* பாட்டில்கள் குளிரில் இருந்திருக்கும். 20 டிகிரிக்கு மாற்றி, ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, பத்து நாள் கழித்துத் திறந்து பாருங்கள். சர்க்கரை கூட்டிப் போட்டு மறுபடி மூடாதீர்கள்.

ஊற்றும்போது பாட்டிலின் அடியில் உள்ள விரற்கடை ஈஸ்ட் மண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். குடித்தால் வேறொன்றும் ஆகாது, வயிறு மட்டும் கொஞ்சம் சத்தம் போடும்.

ஸ்டௌட் கேட்டவர்களுக்கு

அதே செய்முறைதான். காய்ச்சும் நாளின் மூன்றாம் படியில் மால்ட் சேர்க்குமுன் 250 கிராம் வறுத்த பார்லியையும் 250 கிராம் கிரிஸ்டல் மால்ட்டையும் உடைத்து, துணிப்பையில் கட்டி, பானையிலுள்ள 65–70 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பையை மட்டும் எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் வாய் துவர்க்கும். பையைப் பிழியவும் வேண்டாம். ஹாப்ஸ் முதல் 40 கிராம் மட்டும், கடைசி இரண்டு தவணையை விட்டுவிடுங்கள். லயன் ஸ்டௌட் அளவுக்கு வலு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மால்ட்டை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, இரண்டு பாக்கெட் ஈஸ்ட் போட்டு, வாளியில் நான்கு வாரமும் பாட்டிலில் மூன்று மாதமும் காத்திருக்க வேண்டும். அதற்குள் குடிக்க ஒரு ஈடு பேல் ஏல் போட்டுக்கொள்ளுங்கள்.